நிலம், விலங்கு, ஊர் இவைதான் கரு என்று சொல்லும் கலைஞர்களில், போஸ்ட்கார்டு படம் மாதிரி இல்லாமல் செய்தவர் யாராவது உண்டா?

உண்டு. டோரதி கிராஸ். அயர்லாந்துக்காரர், 1956ல் கோர்க் நகரில் பிறந்தவர். இப்போது மேற்குக் கரையில் கொனமாராவில், கடலை ஒட்டி இருக்கிறார்.

"எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வாசலில் இயற்கை, உயிரினங்கள், சமூகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் பச்சை மலையும் நாலு ஆடும்தான்" என்று கேள்விக்குக் கீழே அலுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் அந்த அலுப்பு உண்டு. டப்ளினுக்கு வேலைக்கு வந்த புதிதில், இங்குள்ள சுற்றுலாக் கடைகளில் அதே படத்தை நூறு விதமாகப் பார்த்தேன். கல் சுவர், கூரை வீடு, மழையில் நனைந்த ஆடு. ஆட்டின் முகத்தில் மட்டும் ஒரு சோகம்.

கிராஸ் மாட்டை வரைவதில்லை. மாட்டின் தோலையே கொண்டுவந்து நிறுத்துகிறார். குவாரியை வரைவதில்லை. குவாரிக்குள்ளேயே கச்சேரி வைக்கிறார். சிற்பம், வீடியோ, புகைப்படம், ஓபரா என்கிற இசை நாடகம் என்று எல்லாவற்றையும் கலந்துகட்டி வேலை செய்கிறவர். 1993ல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அயர்லாந்து சார்பாகப் பங்கேற்றார், 2005ல் டப்ளினில் உள்ள ஐரிஷ் நவீனக் கலை அருங்காட்சியகம் இவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. பெருமைப் பட்டியலுக்கு இவ்வளவு போதும். எனக்கு இவரைத் தெரிய வந்தது ஒரு கப்பலால்.

லைட்ஷிப் என்று ஒன்று இருந்தது. கடலுக்குள் மணல் திட்டோ பாறையோ இருக்கும், கலங்கரை விளக்கம் கட்ட வழி இருக்காது. அந்த மாதிரி இடங்களில் ஒரு கப்பலில் கம்பம் நட்டு, உச்சியில் விளக்கு வைத்து, நங்கூரம் போட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் உடம்பெல்லாம் சிவப்பு, பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் பெயர். புயல் வந்தால் மற்ற கப்பல்கள் துறைமுகம் பார்த்து ஓடும், இது மட்டும் இடத்தை விட்டு அசையக் கூடாது. 1936 பிப்ரவரிப் புயலில், கோர்க் துறைமுகத்துக்கு வெளியே டான்ட் பாறையருகே நின்ற லைட்ஷிப்பின் நங்கூரச் சங்கிலி அறுந்துவிட்டது. பாலிகாட்டன் என்ற சின்ன ஊரின் மீட்புப் படகு போய் அதிலிருந்த எட்டுப் பேரையும் காப்பாற்றியது. கோர்க் கரையோரத்தில் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை அது. பிறகு தானியங்கி மிதவைகள் வந்தன. லைட்ஷிப்புகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு அனுப்பப்பட்டன.

அப்படி ஓய்வு கொடுக்கப்பட்ட ஒன்றைத்தான் கிராஸ் எடுத்தார். முழுக்க இருட்டில் ஒளிரும் பெயின்ட் அடித்தார். டப்ளினுக்குத் தெற்கே டன் லீரி துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்காட்ஸ்மன்ஸ் விரிகுடாவில், 1999ல் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார். பெயர் ‘பேய்க் கப்பல்’.

குழந்தைகள் அறையில் மேலே ஒட்டுகிற நட்சத்திர ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். விளக்கை அணைத்ததும் பச்சையாகப் பளிச்சென்று தெரியும், கொஞ்ச நேரத்தில் மங்கும், முழுசாகப் போய்விட்டதா இன்னும் இருக்கிறதா என்று நம் கண்ணுக்கே சந்தேகம் வரும். அதே சங்கதிதான். கப்பலில் புற ஊதா விளக்குகளை டைமரோடு பொருத்தியிருந்தார்கள். விளக்கு எரியும்போது பெயின்ட் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அணைந்ததும் அதை மெல்ல மெல்லக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஒளிர்ந்து, மங்கி, காணாமல் போய், மறுபடி ஒளிர்ந்து, இரவெல்லாம் இதே வேலை. வழிகாட்டுவதற்காக நிறுத்தாமல் மின்னிக்கொண்டிருந்த கப்பல், இப்போது யாருக்கும் வழி காட்டாமல் மூச்சு விடுகிற மாதிரி மின்னியது.

நான் அதை நேரில் பார்க்கவில்லை. வீடியோதான் பார்த்தேன். பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த இடத்தைத் தேடிக் கிளம்பினேன். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து பஸ் டிரைவரிடம் "டுன் லாவோகைர்" என்று கேட்டேன். அவர் இரண்டு முறை "எங்கே?" என்று கேட்டுவிட்டு, பிறகு சிரித்தபடி "டன் லீரி" என்றார். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. தமிழில் எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. கிழக்குச் சுவர் மீது நடந்து போய் விரிகுடாவைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, சாம்பல் நிறத் தண்ணீர், நாலைந்து பேர் குளிரில் நீந்திக்கொண்டிருந்தார்கள். நாயோடு வந்த ஒரு பெரியவரிடம் கப்பலைப் பற்றிக் கேட்டேன். கையை நீட்டி மிகச் சரியாக ஒரு இடத்தைக் காட்டினார். "அங்கே." மிதவைகூட இல்லாத வெறும் தண்ணீர் அது. அத்தனை வருடம் கழித்தும் அவருக்கு இடம் மறக்கவில்லை.

கிராஸுடைய மற்ற வேலைகளைத் தேடிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. வேலை முடிந்த பொருள்கள் மீதுதான் இவருக்குக் கண். ஆள் இல்லாத குவாரி, பந்து விளையாட யாரும் வராத மைதானம், கரை ஒதுங்கிய திமிங்கிலம், பாட்டியின் கல்யாண உடை. அவற்றுக்கு இன்னொரு வேலை வாங்கிக் கொடுக்கிறார்.

பாட்டியின் கல்யாண உடை என்றேன் இல்லையா, அது 1993ல் செய்தது. பெயர் ‘கன்னியின் போர்வை’, இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஆள் உயரத்தில் முக்காடு போட்ட உருவம். தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயத்தில் நிற்கும் மாதா சுரூபம். கிட்டே வந்தால் அந்த முக்காடு மாட்டுத்தோல், ரோமம் அப்படியே இருக்கிறது. தலை உச்சியில் கிரீடம் மாதிரி நான்கு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிரீடம் என்று நினைத்தது மாட்டு மடிக்காம்பு. தோலுக்கு அடியிலிருந்து தரையில் வழிவது பளபளப்பான சாட்டின், பாட்டியின் கல்யாண கவுனின் நீண்ட வால் பகுதி.

நார்வேயில் ஒரு அருங்காட்சியகத்தில், பசுவின் மடித்தோலை இழுத்துக் கட்டிச் செய்த பழைய சல்லடை ஒன்றைப் பார்த்ததிலிருந்து இந்த வரிசை தொடங்கியது. அதன் பிறகு மடித்தோலை வைத்து சேணம், ஹை ஹீல்ஸ் செருப்பு என்று செய்துகொண்டே போனார். பசு என்றால் பால், பால் என்றால் தாய் என்று நாம் பழகிவிட்டோம், அதனால் அந்தச் செருப்பின் முனையில் காம்பைப் பார்க்கும்போது முதலில் சிரிப்பு வருகிறது, அடுத்த நொடி என்னவோ போல ஆகிவிடுகிறது. மாதாவை மிகவும் போற்றுகிற, பால் மாடு நிறைந்த ஒரு நாட்டில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

ஊர் என்ற விஷயத்துக்கு வருகிறேன். கெர்ரி மாவட்டக் கரையோரம் வாலன்ஷியா தீவில் 1816ல் தொடங்கிய ஸ்லேட் (பலகைக்கல்) குவாரி ஒன்று இருக்கிறது. இங்கே வெட்டிய கல், கூரைக்கும் பில்லியர்ட்ஸ் மேசைக்கும் கடல் தாண்டிப் போனது. குவாரி ஓய்ந்த பிறகு, 1954ல், கல் வெட்டியதில் உண்டான குகையின் வாய்க்கு மேலே ஊர்க்காரர்கள் மாதா கெபி, அதாவது மாதா சுரூபம் வைத்துக் கும்பிடும் இடம், அமைத்தார்கள். பாறையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் இடம். 2004ல் கிராஸ் ஒரு ஓபரா குழுவோடு சேர்ந்து, இந்தக் குகைக்குள் இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் ‘ஸ்தாபாத் மாத்தெர்’ இசையை அரங்கேற்றினார். இரண்டு குரல்கள் பாடுவது. சிலுவையடியில் மகனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயின் துக்கம், நம் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்பார்களே, அவள்தான். பெர்கொலேசி அதை எழுதிய 1736ஆம் ஆண்டிலேயே, 26 வயதில் இறந்துபோனார். அரங்கம், மேடை, செட்டு எதுவும் தேவைப்படவில்லை. வெளியே ஊர்க்காரர்கள் கும்பிடுகிற மாதா, உள்ளே அவர்களின் முன்னோர் குடைந்த இருட்டு. அங்கே ஒரு தாய் அழுதால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டிருக்கும்.

இதற்கு ஐந்து வருடம் முன்பே இதே பாணியில் இன்னொன்று செய்திருந்தார். மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஆரன் தீவுகளில் பெரியதான இனிஷ் மோரில், சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாகவே செவ்வகமாக வெட்டுண்ட ஒரு குளம் இருக்கிறது. மனிதன் கை படாதது என்றால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு நேரான ஓரம். கடல் அடிவழியாக உள்ளே வந்து பொங்கும். ‘புழுவின் பொந்து’ என்று ஐரிஷ் மொழியில் பெயர். அதைப் படம் பிடித்து, கால்வே நகரில் கைவிடப்பட்ட இரண்டு ஹேண்ட்பால் மைதானங்களில் திரையிட்டார். கையால் பந்தைச் சுவரில் அடிக்கும் விளையாட்டு அது. ஒரு காலத்தில் மாலையானால் ஊர் இளசுகள் கூடும் இடம், இப்போது பல ஊர்களில் புல் முளைத்த கான்கிரீட் சுவர். ஒரு மைதானத்தில் ஒரு பாடகர், அடுத்ததில் ஒரு பாடகி. நடுவே சுவர். பல ஓபராக்களிலிருந்து எடுத்த காதல் வரிகளை, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் பாடினார்கள்.

என் மனசுக்கு மிக நெருக்கமானது இன்னொரு வாலன்ஷியா கதை. மோட் டெலாப் என்று ஒரு பெண், 1866ல் பிறந்தவர், அப்பா பாதிரியார். முறையான அறிவியல் படிப்பு கிடையாது. தீவில் வீட்டிலேயே கண்ணாடி ஜாடிகளில் ஜெல்லி மீன்களை வளர்த்தார். முட்டையிலிருந்து வளர்ந்த நிலை வரை ஜெல்லி மீனை வளர்த்துக் காட்டிய முதல் ஆட்களில் அவர் ஒருவர். இங்கிலாந்தில் பிளிமத் கடல் ஆய்வு நிலையத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகாமல் என் மகள் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார் என்பார்கள். போகவில்லை. 1953ல் இறக்கும் வரை தீவிலேயே இருந்தார். பூ மாதிரி இருக்கும் கடல் உயிரினமான அனிமோன் வகை ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிராஸின் அண்ணனோ தம்பியோ, சகோதரர் டாம் கிராஸ், கோர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். இருவரும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் ‘மெடூசே’ என்று ஒரு திட்டம் செய்தார்கள். ஜெல்லி மீன் எப்படி நீந்துகிறது என்று அவர் ஆராய, இவர் மோட் டெலாப்பின் வாழ்க்கையைத் தேடிப் போனார். ஜெல்லி மீனில் பெரும்பகுதி தண்ணீர்தான். கரையில் எடுத்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு கறை மிஞ்சும். கப்பலின் வெளிச்சம் மாதிரியே. கிராஸ் இளமையில் போட்டிகளில் நீந்தியவர், பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் தீவின் ஜெல்லி மீன் ஏரியில் அவற்றுக்கு நடுவே நீந்தியும் படம் எடுத்திருக்கிறார்.

சுறாவையும் விட்டுவிடக் கூடாது. அயர்லாந்துக் கடலுக்குக் கோடையில் வரும் பாஸ்கிங் சுறா, உலக மீன்களில் இரண்டாவது பெரியது. வாயைப் பிளந்துகொண்டு மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் சாது. மேல் மட்டத்தில் வெயில் காய்வதால் ஐரிஷில் சூரியன் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஈரல் எண்ணெய்க்காக ஏக்கில் தீவில் மட்டும் 1947 முதல் 1975 வரை ஏறக்குறைய 12,000 சுறாக்களைக் கொன்றார்கள். அயர்லாந்தின் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பு வந்தது 2022ல்தான். இந்தச் சுறாவின் தோலை, கரக் என்ற பழைய மீனவர் படகின் மீது கிராஸ் போர்த்தினார், 2013ல். கரக் நம் பரிசல் மாதிரி, மரச்சட்டத்தின் மேல் தோல் போர்த்திச் செய்தது, ஆனால் நீளமாக இருக்கும். கவிழ்த்து வைத்த படகின் முதுகில் சுறாத்தோல். அந்த மாதிரிப் படகுகளில் போனவர்கள்தான் இந்த மாதிரிச் சுறாக்களைக் குத்தினார்கள். இப்போது எது எதைச் சுமக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய இரும்புக் குளியல் தொட்டிகளை வரிசையாக வைத்து, உள்ளே தண்ணீர்க் கறை படியும் இடத்தில் தங்க இலை ஒட்டிய ஒரு வேலை இருக்கிறது. எனக்கு அது பணக்கார வீட்டு பாத்ரூம் விளம்பரம் மாதிரிதான் பட்டது. தங்கம் வந்ததும் அந்தக் கறை பேச்சை நிறுத்திக்கொண்டது. திமிங்கில எலும்புக்கூட்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழே ஒரு இரும்பு வாளி மட்டும் வைத்த வேலை இதற்கு நேர் எதிர். அதற்கு விளக்கமே வேண்டாம்.

எங்கே பார்க்கலாம் என்று கேட்பீர்கள். கப்பலையும் குகைக் கச்சேரியையும் வீடியோவில்தான் பார்க்க வேண்டும். வாலன்ஷியா கெபிக்கும் இனிஷ் மோர் குளத்துக்கும் நேரில் போகலாம், ஆனால் குளத்துப் பக்கம் அலை பெரிதாக இருக்கும் நாளில் போகாதீர்கள், தண்ணீர் கீழிருந்து வரும். டப்ளினுக்கு வந்தால் கில்மேனமில் இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள், இவருடைய படைப்புகள் அவர்கள் சேகரிப்பில் உண்டு, மாட்டி வைத்திருக்கிறார்களா என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. கட்டடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். 1680களில், ஓய்வு பெற்ற படைவீரர்கள் தங்குவதற்காகக் கட்டியது அது.