லினக்ஸுக்கு ஏற்ற மடிக்கணினி எது? கொங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மென்பொருள் எழுதுவதற்காக, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் ஓடும் மடிக்கணினி வாங்க நினைப்பவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளிலிருந்து அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அவற்றை விட்டுவிட்டு, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சரவணம்பட்டி, பொறியியல் இறுதியாண்டு மாணவி: வளாகத் தேர்வில் வேலை கிடைத்திருக்கிறது. ஜாவா, டாக்கர் இரண்டிலும் பயிற்சி எடுக்க, அப்பா புது மடிக்கணினி வாங்கித் தருகிறார். காந்திபுரத்தில் விசாரித்த கடைகளில் எல்லாம், "எந்த மாடல்லயும் லினக்ஸ் ஓடுமுங்க" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட இன்றைய மடிக்கணினிகளில் லினக்ஸை நிறுவ முடியாமல் போவது அரிது. ஆனால் நிறுவிய பிறகு மூடியை மூடினால் கணினி உறங்குகிறதா, திறந்தால் விழிக்கிறதா, வைஃபை அறுந்துபோகாமல் நிற்கிறதா, அலுவலகக் கூட்டத்தின்போது கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்பவைதாம் உங்கள் அன்றாட நிம்மதியைத் தீர்மானிக்கும். செயலியின் பெயரை வைத்து இவற்றில் ஒன்றையும் அறிய முடியாது.

முதலில் வைஃபை சில்லைப் பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ஆகியவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருப்பதால் அவற்றைத் தயக்கமின்றி வாங்கலாம். மீடியாடெக் எம்டி7921 சில்லுக்கு 2021 முதல் கர்னலில் ஆதரவு இருக்கிறது. ரியல்டெக் 8852 வகைச் சில்லுகளுக்கு ஆதரவு அதற்குப் பிறகே வந்ததால், அவற்றுக்குப் புதிய கர்னல் வேண்டும். பிராட்காம் சில்லு இருந்தால் வேறு மாடல் பார்ப்பது நல்லது. இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: ஒரே மாடல் எண்ணில் ஒரு தொகுதிக்கு இன்டெல் சில்லையும் அடுத்த தொகுதிக்கு ரியல்டெக் சில்லையும் பொருத்தி அனுப்பும் வழக்கம் நிறுவனங்களிடம் இருக்கிறது. ஆகவே உங்கள் தோழியின் மடிக்கணினியில் சரியாக வேலை செய்கிறது என்பது உங்களுடையதற்கு உத்தரவாதம் ஆகாது. உங்கள் கைக்கு வரும் அதே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது கேமரா. யுஎஸ்பி வழியாக இணைக்கப்பட்ட சாதாரண கேமராக்கள் எந்தச் சிக்கலும் தருவதில்லை. விலை கூடிய சில மெல்லிய மடிக்கணினிகளில் இன்டெலின் ஐபியு6 என்னும் அமைப்பின் வழியே கேமரா இயங்குகிறது. இதற்கான அடிப்படை ஆதரவு 2024இல் வெளியான 6.10 கர்னலில்தான் சேர்ந்தது. இன்றும் எல்லா மாடல்களிலும் அது சீராக இல்லை. விரல்ரேகைப் பட்டை லினக்ஸில் வேலை செய்யாவிட்டாலும் பெரிய இழப்பில்லை, கடவுச்சொல் போதும்.

ரேம் 16 ஜிபி வேண்டும். லினக்ஸில் டாக்கர் கண்டெய்னர்கள் (மென்பொருளைத் தனித்தனியாக அடைத்து இயக்கும் பெட்டிகள்) கணினியின் கர்னலையே பகிர்ந்துகொள்வதால் தனி மெய்நிகர் கணினி தேவைப்படுவதில்லை. விண்டோஸைவிட இங்கே நினைவகச் சுமை குறைவு. என்றாலும் நிரல் எழுத உதவும் இன்டெலிஜே, உலாவி, இரண்டு மூன்று கண்டெய்னர்கள் ஆகியவை சேர்ந்தால் 8 ஜிபி மூச்சுத் திணறும். பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம் என்று 8 ஜிபி வாங்குவதாயிருந்தால், காலி ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பலகையோடு பற்றவைத்த ரேமை எந்தக் கடையிலும் கூட்டித் தர முடியாது. ஜாவாவுக்கும் டாக்கருக்கும் தனி கிராபிக்ஸ் அட்டை தேவையே இல்லை. அதற்குக் கொடுக்கும் பணத்தை ரேமுக்குக் கொடுங்கள். விண்டோஸ் இல்லாமல் டாஸ் என்னும் பழைய எளிய இயங்குதளம் மட்டும் போட்டு விற்கும் மாடல்களும் உண்டு. நீங்கள் லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துவீர்கள் என்றால் உரிமத் தொகை மிச்சம்.

கடைக்குப் போகும் முன், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து அதை இயக்கி, உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையை இணைத்து, ஒரு காணொளியை ஒலியோடு ஓட்டி, கேமராவையும் மைக்கையும் சோதித்து, மூடியை மூடிச் சில நிமிடங்கள் கழித்துத் திறந்து பாருங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைப் பணம் கட்டும் முன்பே செய்ய அனுமதி கேளுங்கள். அனுமதி தரும் கடையில் நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். நிறுவும்போது எஸ்எஸ்டி தென்படவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் (கணினி தொடங்கும்போது நுழையக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) இன்டெல் விஎம்டி என்னும் சேமிப்பக வசதி இயக்கத்தில் இருக்கும். அதை அணைத்தால் தென்படும்.

திருப்பூர், சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்: பின்னலாடை நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஐந்து பேருக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். அவர்கள் அடிக்கடி வாடிக்கையாளரின் தொழிற்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

ஐந்தும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்றில் வரும் சிக்கலுக்குக் கண்ட தீர்வு மற்ற நான்குக்கும் பொருந்தும், சார்ஜரும் உதிரிகளும் மாற்றிக்கொள்ள உதவும். வீட்டு உபயோக வரிசையை விட்டுவிட்டு லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட் (2025 முதல் டெல் புரோ என்னும் பெயரில் வருகிறது), ஹெச்பி எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளைப் பாருங்கள். உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிகல் நிறுவனம் சோதித்துச் சான்றளித்த மாடல்களின் பட்டியலில் இந்த வரிசைகள் நிறைய இருக்கின்றன. பயாஸ் போன்றவற்றின் புதுப்பிப்புகளை லினக்ஸிலிருந்தே செய்துகொள்ள உதவும் எல்விஎஃப்எஸ் சேவையிலும் இம்மூன்று நிறுவனங்களும் பங்கேற்கின்றன. விண்டோஸ் இல்லாத கணினிக்கு இந்தச் சேவை பெரிய வரம். மாடல் வாரியாக வேறுபாடு உண்டென்பதால் வாங்கும் மாடல் அதில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். நிட்டிங் மிஷின் ஓடும் இடத்தில் காற்றில் மிதக்கும் பஞ்சு, மடிக்கணினியின் அடிப்பக்கத் துளைகளின் வழியே நுழைந்து, மின்விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே கம்பளிபோல் படிந்துவிடும். அதன் பிறகு செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிரல் எழுதுபவரோ லினக்ஸ் மெதுவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே அடிமூடியைச் சாதாரணத் திருகாணிகளைக் கழற்றித் திறக்கக்கூடிய மாடலாக வாங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து துப்புரவு செய்யுங்கள். உத்தரவாதம் உங்கள் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வகையாக இருக்க வேண்டும். லினக்ஸ் நிறுவியிருப்பதால் வன்பொருள் உத்தரவாதம் மறுக்கப்படாது என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அனைவருக்கும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ் அல்லது டெபியன் என்னும் இன்னொரு லினக்ஸ் வகை போதும். எல்டிஎஸ் பதிப்புக்கு 5 ஆண்டுப் புதுப்பிப்பு உண்டு. ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்களில் காலாவதியாவதால், மேற்பார்வையிட ஆளில்லாத சிறு நிறுவனத்துக்கு அது கூடுதல் வேலை.

ஈரோடு, மென்பொருள் பொறியாளர்: இயந்திரக் கற்றல் பழக என்விடியா அட்டை உள்ள கேமிங் மடிக்கணினி வாங்க எண்ணுகிறேன். லினக்ஸில் என்விடியா தொல்லை தரும் என்கிறார்களே?

முன்பிருந்த அளவுக்குத் தொல்லை இப்போது இல்லை. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதி டிரைவரின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. டூரிங் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதலானவை, அதில் இயங்கும். என்விடியா அட்டையில் கணக்கிட உதவும் குடா மென்பொருள்கள் லினக்ஸில்தான் இயல்பாகப் பொருந்துகின்றன. ஆயினும் இரண்டு இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், டிரைவரை நிறுவியபின் வரும் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யும் படியைத் தவறவிடக் கூடாது; தவறவிட்டால் டிரைவர் ஏறாது. இரண்டாவது, அட்டை ஓயாமல் விழித்திருந்தால் மின்கலம் விரைவில் தீரும் என்பதால், அன்றாட வேலையைச் செயலியோடு உள்ள கிராபிக்ஸில் வைத்துக்கொண்டு, கணக்கீட்டுக்கு மட்டும் என்விடியாவை எழுப்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையின் பெயரைவிட அதன் சொந்த நினைவகம் எத்தனை ஜிபி என்பதைப் பாருங்கள். நீங்கள் பயிற்றும் இயந்திரக் கற்றல் மாதிரி (மாடல்) அதில் அடங்காவிட்டால் அட்டையின் வேகம் பயன்படாது. இப்போதுதான் பழகத் தொடங்குகிறீர்கள் என்றால் என் கருத்து வேறு: தனி அட்டையில்லாத நல்ல மடிக்கணினி வாங்கி, பெரிய பயிற்சிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இணையக் கணினிகளைப் பயன்படுத்துங்கள்.

கோபிசெட்டிபாளையம், பிளஸ் டூ மாணவர்: அக்காவுக்கு அரசு தந்த பழைய மடிக்கணினி வீட்டில் இருக்கிறது, 4 ஜிபி ரேம். அதில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா தம்பியான என்னால்?

தாராளமாக முடியும், தம்பி. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகள் நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் முடங்கிக் கிடக்கின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம். எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய திரைமுகப்போடு டெபியனை, அல்லது உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டுவை நிறுவுங்கள். பைத்தான், சி, ஹெச்டிஎம்எல், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அனைத்தும் அதில் சிரமமின்றி ஓடும். உள்ளே சுழலும் வன்தட்டு இருந்தால், சிறிய கொள்ளளவு சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் மிகுந்த பயன் தருவது அதுதான். உலாவியில் பல தாவல்களைத் திறந்து வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இதில் முயல வேண்டாம்.

பொள்ளாச்சி, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றால் மாலையில்தான் வருகிறது. பை நிறையச் சாமான் இல்லாமல் அந்த நாளைக் கடத்த வழி உண்டா?

விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கை விட்டுவிட்டு, மின்கலம் எத்தனை வாட்-மணி என்று பாருங்கள். நிரலைத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) பணி இல்லாத சாதாரண எழுத்து வேலையில் ஒரு மடிக்கணினி 8 வாட் எடுத்தால், 56 வாட்-மணி மின்கலம் 7 மணி நேரம் வரும். கம்பைல் செய்யத் தொடங்கினால் அது பாதிக்கும் கீழே இறங்கும். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாக வாங்கினால், 65 வாட் தரும் பவர் பேங்க் ஒன்று மீதி நேரத்தைச் சமாளிக்கும். வைஃபை ரௌட்டருக்குத் தனியே விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்க முறை இல்லை; மேலோட்டமாக உறங்கும் முறை மட்டுமே இருக்கிறது. மூடி வைத்த நிலையிலும் அதில் சார்ஜ் கரைவதால், முந்தைய இரவு முழுச் சார்ஜோடு மூடி வைத்துக் காலையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் எப்போதும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்பவர் என்றால் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள். திங்க்பேட் முதலிய பல வரிசைகளில் லினக்ஸிலிருந்தே இதை அமைக்க முடியும். மின்தடை அறிவிப்பு வந்த நாளுக்கு முன்தினம் மட்டும் 100க்கு உயர்த்திக்கொள்ளலாம்.

நாமக்கல், பகுதிநேரமாக நிரலாக்கம் கற்பவர்: புதுப்பித்த பழைய திங்க்பேட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

குறைந்த பணத்தில் லினக்ஸ் வேண்டுபவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய அலுவலகக் கணினிகள் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. மலிவு என்பதற்காக மிகவும் பழையதற்குப் போகாதீர்கள். இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ5-7200யு செயலியில் 2 கோர்கள். அதற்கடுத்த 8ஆம் தலைமுறை ஐ5-8250யு செயலியில் 4 கோர்கள். நிரல் தொகுக்கும்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஆகவே 8ஆம் தலைமுறையை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்த திங்க்பேட் டி480, அதே தலைமுறையைச் சேர்ந்த லாட்டிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட்கள் இருப்பது பெரிய வசதி. டி480இல் உள்ளே ஒன்றும் வெளியே கழற்றத்தக்க ஒன்றுமாக இரண்டு மின்கலங்கள் உண்டு. பழைய மாடல் என்பதால் ஆழ்ந்த உறக்க முறையும் இருக்கிறது. ஆனால் அக்காலத் திங்க்பேடுகளில் தண்டர்போல்ட் என்னும் இணைப்பு வசதியின் நிலைபொருளில் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) உள்ள பிழையால் யுஎஸ்பி-சி துளை செயலிழக்கும் சிக்கல் உண்டு; அந்தத் துளையில் சார்ஜ் ஏறுகிறதா என்று கடையிலேயே பார்த்து, வாங்கியதும் நிலைபொருளைப் புதுப்பித்துவிடுங்கள்.

பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய நிறுவனம் இட்ட கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பென் டிரைவ் லினக்ஸில் மின்கலத்தின் இப்போதைய முழுக் கொள்ளளவையும் தயாரிப்புக் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது பாதியாகிவிட்டிருந்தால் புது மின்கலத்தின் விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

கரூர், கல்லூரி ஆசிரியர்: ஸ்னாப்டிராகன் மடிக்கணினி, ஆப்பிள் மேக் ஆகியவற்றில் லினக்ஸ்?

ஸ்னாப்டிராகன் எக்ஸ் மாடல்களில் ஆதரவு இன்னும் முதிரவில்லை, மாணவர்களுக்குப் பரிந்துரைக்காதீர்கள். அசாஹி லினக்ஸ் குழுவின் உழைப்பால் எம்1, எம்2 மேக்குகளில் லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் லினக்ஸுக்காகவே மேக் வாங்க வேண்டியதில்லை.

காங்கேயம், தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிபவர்: பகலில் கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் 11 வேண்டும், இரவில் பைத்தான் கற்க லினக்ஸ். இரண்டும் ஒரே கணினியில் வைக்கலாமா?

வைக்கலாம். தொடங்கும் முன், விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கணினிகளில் உங்களுக்குத் தெரியாமலே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் பயாஸில் கை வைக்க வேண்டும். செக்யூர் பூட்டையோ விஎம்டியையோ மாற்றினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும், சாவி இல்லையென்றால் உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்குகள் திறக்கா. கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமிருந்தால் லினக்ஸைத் தனி எஸ்எஸ்டியில் நிறுவுவது இன்னும் பாதுகாப்பு. விஎம்டியை மாற்ற நேர்ந்தால், அடுத்த முறை விண்டோஸ் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கும்படி முதலில் அமைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும்.