கேள்வி – பதில்: லோயிஸ் டங்கனும் அவருடைய திகில் நாவல்களும்

இளையோருக்கான திகில் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் டங்கனின் பெயரை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தோம். அவரைப் பற்றி விரிவாகக் கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பதில் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

லோயிஸ் டங்கன் பள்ளிப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார் என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

உண்மைதான். அவர் 1934இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, ஃபுளோரிடா மாநிலத்தின் சரசோட்டா நகரில் வளர்ந்தவர். தாய், தந்தை இருவருமே புகைப்படக் கலைஞர்கள். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்கள். ஆகவே, பத்திரிகைக்கு ஒன்றை அனுப்பிச் சன்மானம் பெறுவது என்பது அந்த வீட்டில் நடக்காத ஆசையாகத் தோன்றியிருக்காது. பத்து வயதிலேயே கதைகளை அனுப்பத் தொடங்கினார். அவை திரும்பி வந்துகொண்டிருந்தன. பிற்காலத்தில் புலிட்சர் பரிசு பெற்ற நாவலாசிரியர் மெக்கின்லே கேன்டர் அப்போது அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர். அவர் சிறுமியின் கதை ஒன்றைப் படித்துவிட்டு, இந்தப் பகுதியில் அச்சிட முடியாத ஒரு சொல்லால் அதைத் திட்டி, உனக்குத் தெரிந்ததைப் பற்றி எழுது என்றாராம். அடுத்து லோயிஸ் எழுதியது, பல்லில் கம்பியும் கண்ணில் கண்ணாடியுமாக இருக்கும் பருமனான, கூச்ச சுபாவம் கொண்ட ஒரு சிறுமி, தன் தாழ்வுணர்ச்சியை மறைக்கக் கற்பனைச் சாகசங்களை எழுதிக் குவிப்பதைப் பற்றிய கதை. அதைச் சிறுமிகளுக்கான 'காலிங் ஆல் கேர்ள்ஸ்' என்ற இதழ் ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 13.

எழுத்தாளர் வரலாறுகளில் இப்படி ஒரு சம்பவம் தவறாமல் வருவதால் இதை அலட்சியமாகக் கடந்துவிடத் தோன்றும். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய நாவலிலும் கண்ணாடி அணிந்த, யாரும் கவனிக்காத ஒரு மாணவிதான் கதையின் நடுவில் நிற்கிறாள் என்பதைப் பார்க்கும்போது, அந்த வசவு வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

காதல் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர் திகிலுக்கு மாறியது எதனால்?
– வாசகர், மதுரை

மனமாற்றத்தைவிடக் கால மாற்றமே முதல் காரணம். 1958இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான 'டெபுடான்ட் ஹில்' ஒரு பதிப்பகத்தின் போட்டியில் பரிசு பெற்றது. ஆனால் அதற்கு முன்பு பிரதி ஒருமுறை அவரிடமே திரும்பி வந்திருந்தது. காரணம், கதையில் இருபது வயது இளைஞன் ஒருவன் பீர் குடிக்கிறான். டங்கன் பீரை எடுத்துவிட்டுக் கோக் புட்டியை அவன் கையில் கொடுத்தார், பிரதி தேறிவிட்டது. அன்றைய இளையோர் இலக்கியத்தின் எல்லை அவ்வளவுதான்.

முதல் திருமணம் முறிந்ததும் மூன்று குழந்தைகளோடு 1962இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தார். பிள்ளைகளைக் காப்பாற்ற எழுத்தே வழி என்றான நிலையில், செய்த தவறை ஒருவர் தானே ஒப்புக்கொள்வதுபோல் எழுதி, பெயர் போடாமல் வெளியாகும் 'பாவமன்னிப்பு' வகைக் கதைகள் முதல் பெண்கள் இதழ்களுக்கான கட்டுரைகள் வரை எழுதித் தள்ளினார். இந்த ஆண்டுகளை விமர்சகர்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கோ அவருடைய நாவல்களின் வேகம் இங்கேதான் பழகியது என்று தோன்றுகிறது. முதல் பத்தியிலேயே வாசகரைப் பிடிக்காவிட்டால் சன்மானம் இல்லை என்ற நிலை யாருக்கும் நல்ல பயிற்சி.

1966இல், பள்ளிப் பேருந்தில் செல்லும் மாணவர்கள் கடத்தப்படுவதைப் பற்றி 'ரேன்சம்' எழுதினார். இது உங்கள் வழக்கமான நடை அல்ல என்று பழைய பதிப்பகம் மறுத்துவிட, டபுள்டே நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருதுக்கான பட்டியலில் அந்த நாவல் இடம்பெற்றதும் அவருடைய பாதை தெளிவாகிவிட்டது. இன்னொரு விவரத்தையும் சொல்ல வேண்டும்: பட்டம் பெறாமலேயே நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்துக்கொண்டிருந்த அவர், அதே பல்கலைக்கழகத்தில் மாணவியாகவும் சேர்ந்து 1977இல்தான் இளங்கலைப் பட்டம் வாங்கினார்.

ஆசிரியரை மாணவர்கள் கடத்திக் கொல்லும் நாவலைப் பள்ளி நூலகத்தில் வைக்கலாமா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

நீங்கள் குறிப்பிடுவது 1978இல் வெளிவந்த 'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்'. அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி பலமுறை எழுந்தது. 1990களில் அதிகமாக எதிர்ப்புக்கு உள்ளான நூல்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்தபோது இதுவும் அதில் இருந்தது. ஒரு திருத்தம் மட்டும்: மாணவர்கள் கொல்வதற்காகக் கடத்துவதில்லை. கண்டிப்பான ஆங்கில ஆசிரியரைக் கட்டிப்போட்டுப் பயமுறுத்திவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் திட்டம். இதய நோயாளியான அவர், மருந்து கைக்கு எட்டாமல், மலைப்பகுதியில் தனியாகக் கிடந்து இறந்துவிடுகிறார்.

டங்கன் இங்கே செய்திருக்கும் காரியம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடத்தலுக்கு முன்பே ஆசிரியரை அவருடைய வீட்டில், கருவுற்றிருக்கும் மனைவியோடு நமக்குக் காட்டிவிடுகிறார். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு அவர் பள்ளிக்கு வந்தது, மாணவர்கள் கல்லூரிக்குப் போகும்போது தயாராகப் போக வேண்டும் என்பதற்காக என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. வகுப்பில் உட்கார்ந்து அவரை வெறுக்கும் மாணவர்களுக்கு இதில் எதுவுமே தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களும் அல்லர்; கவர்ச்சியாகப் பேசும் ஒருவன் சொன்னதை மறுக்கத் துணிவில்லாதவர்கள். சூசன் என்ற அந்தக் கண்ணாடிக்காரப் பெண் உடன்படுவதற்குக் காரணமே, தன்னையும் ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டதே என்ற மகிழ்ச்சிதான். வன்முறையைச் சொல்லித்தரும் நூல் என்று இதைத் தள்ளுபவர்கள் தலைப்போடு நின்றுவிட்டவர்கள் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

அவர் பேய்க் கதைகளும் எழுதியிருக்கிறாரா?
– வாசகர், கோயம்புத்தூர்

எழுதியிருக்கிறார். 1974இல் வந்த 'டவுன் எ டார்க் ஹால்' நாவலில், தனித்து நிற்கும் ஒரு விடுதிப் பள்ளியின் மாணவிகள் மூலமாக, மறைந்துபோன கலைஞர்களின் ஆவிகள் தங்கள் படைப்புகளைத் தொடர்கின்றன. ஆவிகள் எல்லாம் ஆண்களாகவும் அகப்பட்டவர்கள் எல்லாம் பெண்களாகவும் இருப்பது சரியல்ல என்று பதிப்பகத்தார் சொல்ல, ஒரு கவிஞரின் ஆவியை நீக்கிவிட்டு ஆங்கிலப் பெண் எழுத்தாளர் எமிலி பிராண்டியின் ஆவியைக் கொண்டுவந்தார். பீரை நீக்கச் சொன்ன காலத்துக்கும் இதற்கும் இடையே பதினாறே ஆண்டுகள்.

'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' படம் உலகம் முழுக்க ஓடியது. மூலக்கதையை எழுதியவருக்கு அந்தப் படமே பிடிக்கவில்லை என்பது ஏன்?
– பொறியாளர், சென்னை

1973இல் வந்த அந்த நாவலில் நான்கு இளைஞர்கள் இரவில் காரில் வரும்போது சைக்கிளில் செல்லும் ஒரு சிறுவனை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியமும் செய்துகொள்கிறார்கள். ஓராண்டு கழித்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. (நாவலைப் படிக்க இருப்பவர்கள் அடுத்த இரண்டு வாக்கியங்களை விட்டுவிடலாம்.) தோழியர் இருவரோடு வெவ்வேறு பெயர்களில் பழகும் இரு ஆண்கள் உண்மையில் ஒரே ஆள் என்பதுதான் கதையின் முடிச்சு. டங்கனின் மகளும் அவளுடைய தோழியும் தாங்கள் புதிதாகச் சந்தித்த பையனைப் பற்றிப் பேசப்போய், இருவரும் சொல்வது ஒரே பையனைத்தான் என்று கண்டுபிடித்ததைக் கேட்டபோது கிடைத்த பொறி அது. நால்வரில் ஒருவரும் நாவலில் சாவதில்லை. அவர்களைத் தின்பது, சொல்லாமல் மறைத்ததன் பாரம்.

1997இல் வந்த படம் கொக்கியோடு ஒரு மீனவனைக் கொண்டுவந்து, வரிசையாகப் பிணங்களை விழவைத்தது. டங்கன் அதைத் திரையரங்கில் பார்த்துத் திகைத்துப்போனார். மூலக்கதை சிதைந்தது என்ற எழுத்தாளரின் வழக்கமான வருத்தம் மட்டுமல்ல அது. 1989 ஜூலையில் அவருடைய இளைய மகள் கெய்ட்லின், 18 வயதில், ஆல்புகர்க்கியில் இரவில் காரோட்டி வந்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கொலையைப் பார்த்து அரங்கம் கூச்சலிட்டுச் சிரிப்பதை அந்தத் தாயால் எப்படி ரசித்திருக்க முடியும்?

மகளின் மரணத்துக்குப் பிறகு அவர் எழுதவில்லையா?
– இல்லத்தரசி, சேலம்

எழுதினார்; ஆனால் பெரும்பாலும் வேறு வகை நூல்கள். அது இலக்கின்றி நடந்த துப்பாக்கிச் சூடு என்ற காவல்துறையின் முடிவை ஏற்காமல், குடும்பமே நடத்திய தேடலை 'ஹூ கில்ட் மை டாட்டர்?' என்ற நூலாக 1992இல் வெளியிட்டார்; 2013இல் அதன் தொடர்ச்சியும் வந்தது. கொலையாளியிடமிருந்து தப்பி ஓடும் பெண்ணைப் பற்றிய 'டோன்ட் லுக் பிஹைண்ட் யூ' நாவலின் நாயகியை அவர் கெய்ட்லினை மனத்தில் வைத்தே படைத்திருந்தார். அந்த நாவல் வெளிவந்ததும் அதே 1989இல். இளம் பெண்களை ஆபத்தில் நிறுத்தும் கதைகளுக்கு அதன் பிறகு அவருக்கு மனம் வராததில் வியப்பில்லை. 1997இல் வந்த 'கேலோஸ் ஹில்' ஒன்றே விதிவிலக்கு. 2015இல் மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தன் உயரிய 'கிராண்ட் மாஸ்டர்' விருதை அளித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் 82 வயதில் காலமானார். கொலையைத் தானே செய்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டது 2021இல். அதைக் கேட்க அவர் இல்லை.

எந்த நாவலிலிருந்து தொடங்கலாம்? பழைய பதிப்பா, புதிய பதிப்பா?
– நூலகர், தஞ்சாவூர்

'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்' முதலில். பிறகு 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்'. 2010இலிருந்து லிட்டில் பிரவுன் நிறுவனம் வெளியிட்ட பதிப்புகளில் டங்கனே திருத்தம் செய்து, வியட்நாம் போரின் இடத்தில் ஈராக் போரையும், பாத்திரங்களின் கைகளில் கைப்பேசியையும் வைத்தார். யாரையும் தொடர்புகொள்ள முடியாமல் போவதிலேயே திகில் கட்டப்பட்ட கதைகள் ஆகையால், கைப்பேசியைக் கொடுத்த கையோடு அதைப் பயன்படாமல் செய்யவும் காரணம் தேட வேண்டியிருந்தது. அந்தத் தையல் சில இடங்களில் தெரிகிறது. இரண்டும் கிடைத்தால் பழைய பதிப்பையே வாங்குங்கள்.