ஏறாத கோப்புகள்: கேள்வி பதில்

அலுவலகக் கோப்புகளைப் பதிவேற்றுவதில் வரும் சிக்கல்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: ஏற்றிய கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்க்கும்வரை மூலத்தை அழிக்காதீர்கள். இன்று இதைப் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டட வரைபட அலுவலகம், காட்பாடி: எங்கள் பொறியாளர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் உரையாடலில் வரைபடங்களைப் பகிர்ந்துவந்தார். போன மாதம் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒன்றும் திறக்கவில்லை. அவர் சரியாக ஏற்றவில்லையா?

சரியாகத்தான் ஏற்றினார். எங்கே ஏறுகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. டீம்ஸில் தனி உரையாடலில் போடும் கோப்பு, அனுப்பியவரின் சொந்த இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குப் போகிறது. குழு முழுவதற்குமான சேனலில் போடும் கோப்பு, குழுவின் பொதுச் சேமிப்பிடமான ஷேர்பாயின்ட் தளத்தில் சேர்கிறது. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பணியாளரின் கணக்கை நீக்கியபின், நிர்வாகி வேறு ஏற்பாடு செய்திராவிட்டால், அவருடைய ஒன்டிரைவ் 30 நாள் இருக்கும். அதற்குப் பிறகு 93 நாள் நீக்கப்பட்டவற்றின் பட்டியலில் கிடக்கும். அங்கிருந்து நிர்வாகியால் மட்டுமே மீட்க முடியும். நீங்கள் இன்னும் அந்தக் கெடுவுக்குள்தான் இருக்கிறீர்கள். மீதிப் பதில்களைப் பிறகு படிக்கலாம், முதலில் நிர்வாகியைக் கூப்பிடுங்கள். மீட்டதும் எல்லாவற்றையும் சேனலுக்கு மாற்றுங்கள். வரைந்தவர் போன பிறகும் கட்டடம் நிற்கும். அதன் வரைபடமும் இருக்க வேண்டும்.

பள்ளி அலுவலகம், ஆற்காடு: ஆண்டு விழாக் காணொளி 99 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ரத்து செய்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் அதே கதை.

ரத்து செய்யாதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த 99 தெரிகிறது. பெரிய கோப்பு துண்டுதுண்டாகப் போகும். மறுமுனையில் சர்வர் அவற்றை ஒட்டி, வைரஸ் சோதனையும் செய்ய வேண்டும். உலாவியின் தாவலை மூடாமல், மடிக்கணினி உறங்கிவிடாதபடி அமைத்துவிட்டுக் காத்திருங்கள்.

தோல் ஏற்றுமதி நிறுவனம், ராணிப்பேட்டை: ஐயா, எங்களிடம் லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது. அதன் கோப்புறைகளை வெளிச் சேமிப்பகமாக இணைத்து, கோப்புப் பகிர்வு மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் வழியாகப் பார்க்கிறோம். வடிவமைப்பாளர் பழைய மேக் கணினியிலிருந்து ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவியைக் கொண்டு 'தோல்' என்ற கோப்புறையை ஏற்றினார். சர்வரில் பார்த்தால் 'தோல்' இரண்டு இருக்கின்றன. நெக்ஸ்ட்கிளவுட்டில் பழையது மட்டுமே தெரிகிறது. ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது வீண்போகவில்லை. கண்ணுக்கு ஒரே பெயர். கணினிக்கு இரண்டு பெயர்கள்.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடில் 'தோ' என்பதை இரண்டு வழிகளில் எழுதலாம். த-வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு வழி. ஏகார இரட்டைக்கொம்பையும் கால் குறியையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் 'தோல்' நான்கு குறிகள் (புள்ளியும் ஒரு குறி), சேமிக்கும்போது 12 பைட். இரண்டாவது வழியில் ஐந்து குறிகள், 15 பைட். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், நீங்கள் எப்படித் தட்டச்சு செய்தாலும் பெயரைப் பிரித்து இரண்டாவது வழியில்தான் சேமிக்கும். 2017-இல் மேக் கணினிகளுக்கு வந்த புதிய கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் பழைய வன்தட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. லினக்ஸோ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். பைட் வேறானால் பெயர் வேறு.

நெக்ஸ்ட்கிளவுட்டின் வெளிச் சேமிப்பக அமைப்பில் மேக்கின் பிரித்த பெயர்களை ஏற்றுக்கொள்ள ஒரு விருப்பம் இருக்கிறது. அது வேகத்தைக் குறைக்கும். பெயர்களையே சேர்த்தெழுதிய வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் சரி. லினக்ஸில் கன்வ்எம்வி என்னும் கருவி அதைச் செய்யும். வெறுமனே இயக்கினால் அது ஒத்திகை மட்டும் காட்டும், எதையும் மாற்றாது. அந்த ஒத்திகையை வரிவரியாகப் படித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். மேக்கில் இருக்கும் மூலத்தை அதுவரை தொடாதீர்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர், வாலாஜாபேட்டை: இதற்குத்தான் நாற்பது ஆண்டுகளாகச் சொல்கிறேன், கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று. ஆங்கிலத்தில் வைத்திருந்தால் ராணிப்பேட்டை நண்பருக்கு இந்தத் தொல்லை வந்திருக்குமா?

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இந்த முடிவை மட்டும் ஏற்க மாட்டேன். இது தமிழின் குறை அன்று. ஜெர்மானியர் யு-வின் மேல் வைக்கும் இரண்டு புள்ளியும் பிரெஞ்சுக்காரர் இ-யின் மேல் இடும் கோடும் இதே மேக்கில் இதே மாதிரி பிரிந்து, இதே மாதிரி இரட்டைக் கோப்புறைகளை உண்டாக்கும். ராணிப்பேட்டைத் தோலை வாங்கும் ஐரோப்பியரும் இதே சிக்கலைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் தங்கள் எழுத்தை விட்டுவிடவில்லை; கருவியைத் திருத்திக்கொண்டார்கள்.

தமிழ் 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்ற எழுத்து. நேற்று வந்து ஒட்டிக்கொண்டதில்லை. நான் பழுது பார்க்கப் போகும் ஆலைகளில் சரக்கை எண்ணிப் பதிவு செய்கிறவர்கள் தமிழில் படிக்கிறவர்கள். 'ஆட்டுத்தோல் கறுப்பு, இரண்டாம் தரம்' என்று இருந்தால் அவர்கள் தவறான கோப்பைத் திறப்பதில்லை. 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் டூ' என்று இருந்தால்தான் திறக்கிறார்கள். அப்படிப் பெயரிட்ட விலைப்பட்டியல்களில் பழையது ஏறிப்போய், ஒரு நிறுவனம் பழைய விலைக்கே சரக்கு கொடுக்க வேண்டியதானதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் ஆங்கிலம்தான்.

லுங்கி ஏற்றுமதி, குடியாத்தம்: நீங்கள் சொல்வது உள்ளூருக்குச் சரி. வெளிநாட்டு வாடிக்கையாளரின் தளம் தமிழ்ப் பெயரைக் கண்டாலே திருப்பி அனுப்புகிறதே?

அங்கே அவர்கள் கேட்கிறபடியே அனுப்புங்கள். வெளியே போகும் பிரதிக்கு எண்ணும் தேதியும் போதும். அலுவலகத்துக்குள் இருக்கும் மூலத்தின் பெயரை அதற்காக மாற்ற வேண்டியதில்லை. அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றுகிறோம் என்பதற்காக நம் தெருவிலும் வெறுங்காலோடு நடப்பதில்லை.

பட்டு நெசவாளர் சங்கம், ஆரணி: விவாதத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. நீளமான தமிழ்ப் பெயர்கள் விண்டோஸில் இருக்கின்றன, லினக்ஸ் சேமிப்பகத்துக்கு ஏற மறுக்கின்றன. ஆங்கிலப் பெயர்கள் ஏறுகின்றன.

நேர்மையான மறுப்பு; இதை ஒப்புக்கொள்கிறேன். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'வாணியம்பாடி' நமக்கு ஆறு எழுத்து, குறிகளாகப் பார்த்தால் 11, பைட்டில் 33. ஆகவே தமிழுக்கு 85 குறிகள் கிடைக்கின்றன. விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, அதனால் அங்கே நுழைகிறது. 85 குறிகளில் ஒரு நல்ல பெயர் வைக்கலாம். வாக்கியமாக எழுதாதீர்கள்.

பெயர்களைப் பற்றி இன்னொன்று: 'கௌரி' என்று தட்டச்சு செய்யும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் போட்டு 'கெளரி' என்று எழுதுகிறவர்கள் பலர். அது எழுத்துப்பிழை, கன்வ்எம்வியாலும் திருத்த முடியாது. தேடும்போது அந்தக் கோப்பு கிடைக்காது.

துணிக்கடை, சோளிங்கர்: காணொளி 99 சதவீதத்தில் நிற்கிறது.

ஆற்காடு பள்ளிக்குச் சொன்ன பதில்தான்.

தொண்டு நிறுவனம், திருப்பத்தூர்: ஷேர்பாயின்டில் 'வேலூர்' என்று இருந்த மேல் கோப்புறைக்கு 'வேலூர் ராணிப்பேட்டை திருப்பத்தூர்' என்று பெயர் மாற்றினோம். அன்றிலிருந்து உள்ளே இருக்கும் சில கோப்புகள் ஒத்திசைய மறுக்கின்றன. அவற்றை நாங்கள் தொடவே இல்லை.

2019-இல் மாவட்டம் மூன்றானது. உங்கள் கோப்புறைக்கும் மூன்று பெயர் ஆகிவிட்டது. ஒரு கோப்பின் முகவரி என்பது அதன் பெயர் மட்டுமன்று. மேலிருந்து கீழ்வரை எல்லாக் கோப்புறைகளின் பெயரும் சேர்ந்தது. மேலே 6 குறிகள் இருந்த இடத்தில் 33 வைத்தால், கீழே இருக்கும் ஒவ்வொரு கோப்பின் முகவரியும் 27 குறி நீளும். ஷேர்பாயின்டில் முழு முகவரிக்கு 400 குறிகள் வரம்பு. விண்டோஸில் பல பழைய மென்பொருள்கள் இன்னும் 260-ஐத் தாண்டாது. ஓரத்தில் நின்றவை வெளியே விழுந்துவிட்டன. மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனிக் கோப்புறை வையுங்கள். 'ராணிப்பேட்டை', 'இராணிப்பேட்டை' இரண்டில் ஒன்றை இன்றே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இரண்டும் இருக்கும்.

தணிக்கையாளர் அலுவலகம், சத்துவாச்சாரி: கணக்கு மென்பொருளான டேலியின் தரவுக் கோப்புறையையே ஒன்டிரைவுக்குள் வைத்திருக்கிறோம். தானாக ஏறிவிடும் என்பதால் தனியாகக் காப்புப்பிரதி எடுப்பதில்லை. சில நாள் 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று செய்தி வருகிறது.

இன்று மாலையே வெளியே எடுங்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்புகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. ஒன்று புதிதாகவும் இன்னொன்று பழையதாகவும் ஏறினால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டு கணினிகளில் திறந்திருந்தால் இன்னும் மோசம். டேலியை மூடிவிட்டு, அதிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் எடுத்த கோப்பை மட்டும் ஏற்றுங்கள்.

ஒத்திசைவு காப்புப்பிரதி ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் கெட்டதே அங்கேயும் ஏறும். பிறருடைய கணக்கை நம்பிக்கையாக வைத்திருக்கிறவர்கள் நீங்கள். மாதம் ஒருமுறையாவது அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

காலணித் தொழிற்சாலை, ஆம்பூர்: முதலாளி கூகுள் டிரைவில் இடம் வாங்கியிருக்கிறார். அவருடைய கோப்புறைக்குள் நான் ஏற்றினால் 'இடம் இல்லை' என்கிறது.

கோப்புறை அவருடையது, நீங்கள் ஏற்றும் கோப்பு உங்களுடையது. உங்கள் கணக்கின் 15 ஜிபியிலிருந்துதான் இடம் கழியும். அதிலேயே மின்னஞ்சலும் படங்களும் அடக்கம். நிறுவனக் கணக்கில் பகிர்வு டிரைவ் அமைத்தால் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தமாகும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

கல்லூரி மாணவர், வேலூர்: ஸ்லாக் உரையாடல் செயலியில் ஃபோல்டரை இழுத்துப் போட்டால் ஏறவில்லை.

ஏறாது, தம்பி. ஜிப் செய்து போடுங்கள்.

மருந்து மொத்த வணிகர், பேரணாம்பட்டு: பெரிய கோப்பு 99 சதவீதத்தில்...

மூன்றாவது முறை. ஆற்காடு பள்ளிக்கான பதிலைப் படியுங்கள். நீங்கள் கைப்பேசியில் ஏற்றுவதாகச் சொல்வதால் ஒன்று கூடுதலாக: பேட்டரிச் சேமிப்பை நிறுத்திவிட்டு, திரையை அணையவிடாமல் ஏற்றுங்கள். ஏறியபின் வேறொரு கருவியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் கைப்பேசியில் அழிக்க வேண்டும்.

அச்சகம், வேலூர்: சொந்த சர்வரில் ஏற்றினால் 413 என்று பிழை.

அனுமதித்த அளவைவிடக் கோப்பு பெரியது. சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிதான் விடும். தளத்தின் நிரல் மொழியான பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுக் கோரிக்கைக்கு 8 எம்பி. மூன்றையும் உயர்த்த வேண்டும். ஒன்றை விட்டாலும் அது தடுக்கும்.

தோல் ஏற்றுமதி நிறுவனம், ராணிப்பேட்டை, மீண்டும்: நீங்கள் சொன்ன கருவியை இயக்கினேன். ஒத்திகையில் மற்றவை சரியாக வருகின்றன. 'தோல்' மட்டும், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று நிற்கிறது.

நிற்க வேண்டியதுதான். மாற்றியபின் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துவிடும் என்பதால் அது கை வைக்காமல் விடுகிறது. மேக்கிலிருந்து வந்ததற்கு 'தோல் மேக்' என்று முதலில் வேறு பெயர் கொடுங்கள். புதுப் பெயரைச் சர்வரிலேயே தட்டச்சு செய்யுங்கள், மேக்கில் அல்ல. பிறகு கருவியை அதன் உள்ளே இயக்கி, கோப்புகளின் பெயர்களைச் சேர்த்தெழுதிய வடிவத்துக்கு மாற்றுங்கள். அடுத்து இரண்டு கோப்புறைகளையும் ஒப்பிட்டு, பழையதில் இல்லாதவற்றை மட்டும் நகலெடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் இருப்பவற்றைத் தேதியை நம்பி மேலெழுதாதீர்கள். வடிவமைப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நெக்ஸ்ட்கிளவுட்டில் எல்லாம் தெரிந்து, இன்னொரு கணினியில் நான்கைந்தைத் திறந்து பார்த்த பிறகு 'தோல் மேக்' போகலாம்.