அடிக்குறிப்பு எதற்கு, எங்கிருந்து வந்தது?

அடிக்குறிப்பு என்றால் என்ன, எப்போது போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாக்கிய முடிவில், சற்றே மேலே தூக்கினாற்போல் ஒரு சின்ன ‘1’ நிற்கும். அந்தப் பக்கத்தின் அடியில் அதே எண்ணோடு, சிறிய எழுத்தில் ஆதாரமோ விளக்கமோ இருக்கும். அதுதான்.

கையெழுத்துப் பிரதிகளில் இவை பெரும்பாலும் ஓரங்களில் இருந்தன. அச்சுக்காலத்தில் மெல்ல அடிக்கு இறங்கின. எட்வர்டு கிப்பன் 1776இல் வெளியிட்ட ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதியில் குறிப்புகள் நூலின் கடைசியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறதே என்று தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் குறைப்பட்டார். பின்னர் வந்த பதிப்புகளில் அவை பக்க அடிக்கு வந்துவிட்டன. வாசகர்மீதான அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, எப்போது போடலாம்? மேற்கோளின் மூலத்தைச் சொல்ல, அருஞ்சொல்லை விளக்க. வாதத்துக்கே அவசியமான செய்தி என்றால் மேலேயே எழுதிவிடுங்கள்; பலர் அடியைப் பார்ப்பதில்லை.