மயிலாப்பூர் பழைய ஃப்ளாட்: முதல்ல யூடிஎஸ் பாருங்க

வணக்கம் சகோதரி. மாடவீதிப் பக்கம் 1980கள்ல கட்டின சின்ன ஃப்ளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, அம்மாவுக்காக வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

சுவர் விரிசலை அப்புறம் பாருங்க. முதல்ல யூடிஎஸ், அதாவது நிலத்துல உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. பழைய கட்டடத்துக்குக் கொடுக்கிற விலையில பெரும்பகுதி அந்த நிலத்துக்குத்தான். பத்திரத்துல அது எத்தனை சதுர அடின்னு தெளிவா இருக்கணும். எல்லா வீட்டுப் பங்கையும் கூட்டினா மனை அளவைத் தாண்டக் கூடாது. அந்தப் பகுதியில கபாலீசுவரர் கோயில் நிலங்களும் உண்டு. கோயில் மனையில நிற்கிற கட்டடம்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க. தாய்ப் பத்திரம் (சொத்தோட பழைய மூலப் பத்திரம்), 30 வருஷ வில்லங்கச் சான்று (விற்பனை, அடமானம் பதிவான விவரம்), பட்டா மூணையும் நீங்களே தேடிப் பிடிச்ச வக்கீல்கிட்ட காட்டுங்க, புரோக்கர் சொல்ற ஆள்கிட்ட வேண்டாம்.

அடுத்து, அங்கே குடியிருக்கிறவங்ககிட்ட பேசுங்க. தமிழ்நாட்டோட 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கிட்டா இடிச்சுக் கட்டலாம். அந்தப் பேச்சு ஏற்கெனவே ஓடுதான்னு கேளுங்க. குடிவந்த கையோட அம்மா வாடகை வீடு தேடற நிலைமை வரக் கூடாது. கீழ் வீட்டு மாமிகிட்ட கொஞ்ச நேரம் பேசினாலே தண்ணி, சாக்கடை, மெயின்டெனன்ஸ் பாக்கி எல்லாம் தெரிஞ்சுடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலின்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுதான் பெரிய தயக்கம். அதே தெருவுல தரைத்தளம் கிடைக்குமான்னு இன்னும் கொஞ்ச நாள் தேடுங்க. கிடைச்சா, ஐப்பசி மழையில தண்ணி உள்ளே வருமான்னு பக்கத்துக் கடையில விசாரிச்சுக்கோங்க.