ஜப்பானில் பிறந்த கொரியப் பெண்ணை மணந்தால் குடியுரிமை என்ன ஆகும்?

கேள்வி இது: "நான் இந்தியன், ஒசாகாவில் வேலை. மணக்கப்போகும் பெண் இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர். அவருடைய அப்பா அம்மாவும் இங்கே பிறந்தவர்கள்தான். ஆனாலும் ஜப்பான் குடியுரிமை இல்லை என்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் குடியுரிமை என்ன ஆகும்? குழந்தை எந்த நாட்டுக் குடிமகனாகும்?"

பதினொரு வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். என் மனைவியும் ஒசாகாவின் இக்குனோ வட்டாரத்தில் பிறந்த சைனிச்சிக் கொரியர். சைனிச்சி என்றால் ஜப்பானில் குடியிருப்பவர் என்றுதான் பொருள். நடைமுறையில், கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில் அங்கிருந்து இங்கே வந்து தங்கிவிட்டவர்களின் வம்சத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

முதலில் பதில். கல்யாணத்தால் மட்டும் உங்கள் இருவரில் யாருடைய குடியுரிமையும் மாறாது. பதிவு செய்த மறுநாளும் நீங்கள் இந்தியர், அவர் கொரியர். அவர் ஜப்பானியரையே மணந்தாலும் இதுதான் நிலை. தானாக எதுவும் கிடைக்காது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டதும் அடுத்ததாக உங்களுக்கு ஒன்று கேட்கத் தோன்றும். "இங்கேயே பிறந்தாய், இந்த மொழிதான் பேசுகிறாய், பேசாமல் ஜப்பான் குடியுரிமை வாங்கிவிடலாமே?" தயவுசெய்து அதை இப்போது கேட்காதீர்கள். நான் கேட்டேன். சுருஹாஷியில் ரயில் ஏறும்போது கேட்டது, தென்னோஜியில் இறங்கி வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தன் பாட்டியின் கதையைச் சொன்னாள்.

அந்தப் பாட்டி கொரியரே இல்லை. நாரா பக்கத்து ஜப்பானியப் பெண். 1943இல் கொரியாவின் ஜேஜு தீவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியைக் கட்டிக்கொண்டார். 1910 முதல் கொரியா ஜப்பான் பேரரசுக்குள் இருந்ததால் இருவருமே ஒரே அரசின் குடிகள். ஆனால் குடும்பப் பதிவேடு மட்டும் ஜப்பானியருக்குத் தனி, கொரியருக்குத் தனி. கல்யாணம் ஆனதும் பாட்டியின் பெயர் தாத்தாவின் பதிவேட்டுக்குப் போனது. 1952 ஏப்ரல் 28 அன்று, போரில் தோற்ற ஜப்பான் கையெழுத்திட்ட சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன் வந்த ஓர் அரசுச் சுற்றறிக்கையின்படி, கொரியப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள் எல்லோரும் அன்றோடு ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். எது வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. பாட்டி பிறந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. அந்தக் காலையில் வெளிநாட்டவர் ஆகிவிட்டார். இதே நிலையில் இருந்த ஒரு பெண் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1961இல் நீதிமன்றம் அரசு செய்தது சரிதான் என்றது. ஜப்பானியரை மணந்து ஜப்பானியப் பதிவேட்டுக்குள் போன கொரியப் பெண்களோ ஜப்பானியராகவே இருந்துவிட்டார்கள். ஒரு கல்யாணம் யாரை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை ஒரு பதிவேடுதான் தீர்மானித்திருக்கிறது.

1955 முதல் வெளிநாட்டவர் பதிவுக்கு விரல்ரேகை வைக்கும் முறை வந்தது. பாட்டியும் மை தொட்டு வைத்தார். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு அது நின்றது 1993இல்தான். மறுபடி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம், தன்னைக் கேட்காமல் எடுத்ததைத் தான் போய்க் கேட்டு வாங்குவதா என்று மறுத்துவிட்டாராம். என் மனைவிக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. ஒருநாள் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிப்பாள். ஆனால் அது அவளாக எடுக்க வேண்டிய முடிவு. ஜப்பான் குடியுரிமை வாங்கினால் கொரியக் குடியுரிமை போய்விடும் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

இனி உங்கள் வேலை. கல்யாணத்தை வட்டார அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். படிவத்தில் வயது வந்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். உங்கள் பக்கத்துக்குப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று. ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. எந்த வாசகத்தில் சான்று கேட்கிறார்கள் என்று வட்டார அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிட்டு இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போங்கள்.

அவர் பக்கம்தான் நேரம் பிடிக்கும். கொரியாவில் 2008 ஜனவரி 1 அன்று குடும்பத் தலைவர் முறையும் பழைய குடும்பப் பதிவேடும் ஒழிந்து, ஆளுக்கொரு பதிவு வந்தது. அடிப்படைச் சான்று, குடும்ப உறவுச் சான்று, திருமண உறவுச் சான்று என்று தனித்தனியாகக் கொரியத் துணைத் தூதரகத்தில் வாங்க வேண்டும். சைனிச்சிக் குடும்பங்கள் பலவற்றில் பிறப்பும் கல்யாணமும் இறப்பும் ஜப்பானில் பதிவாகியிருக்கும், கொரியாவில் பதிவாகியே இருக்காது. என் மாமனாரின் பிறந்த தேதி இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அதைத் திருத்த ஏழு மாதம் ஓடியது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தச் சான்றுகளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். இங்கே பதிவானபின் மூன்று மாதத்துக்குள் கொரியப் பக்கத்திலும் தெரிவிக்க வேண்டும்.

அழைப்பிதழில் என்ன பெயர் போடுவது என்பதையும் அவரிடமே விடுங்கள். பலருக்கு வெளியில் புழங்க ஒரு ஜப்பானியப் பெயர் இருக்கும், கொரியப் பெயர் காகிதத்தில் இருக்கும். என் மனைவியின் பள்ளித் தோழிகளில் பாதிப்பேர் அவளுடைய கொரியப் பெயரை எங்கள் அழைப்பிதழில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

உங்கள் விசாவை 'நிரந்தர வசிப்பாளரின் துணை' என்ற வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அவருக்கு இருப்பது 1991ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சிறப்பு நிரந்தர வசிப்புரிமை. அது கல்யாணத்தால் உங்களுக்கு ஒட்டாது. ஆனால் உண்மையான மணவாழ்க்கை மூன்று வருடமும், அதில் ஜப்பானில் தொடர்ந்து ஒரு வருடமும் ஆகியிருந்தால் சாதாரண நிரந்தர வசிப்புரிமைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

குழந்தை இங்கே பிறப்பதால் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை வராது, பெற்றோரில் ஒருவராவது ஜப்பானியராக இருக்க வேண்டும். 1998 ஜூன் முதல் கொரியச் சட்டம் தாய்வழியையும் ஏற்பதால், பிறந்த நொடியிலிருந்தே அது கொரியக் குழந்தை. இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எங்கள் மகளுக்குக் கொரியப் பாஸ்போர்ட்டும் இந்தியாவின் ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை, குடியுரிமை அல்ல) எடுத்தோம். ஆண் குழந்தை என்றால் கொரிய இராணுவச் சேவை விதிகளையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

எங்கள் மகளுக்கு அம்மாவின் குடும்பப் பெயர்தான். தந்தை வெளிநாட்டவர் என்றால் கொரியச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஒரே அசை கொண்ட அந்தப் பெயர் முன்னால் நிற்பதைப் பார்த்து, இதுவும் நம் இனிஷியல் மாதிரிதானே என்று என் அம்மா உடனே சமாதானமாகிவிட்டார்.

இரண்டு கெடுக்களை மறக்கவே கூடாது. குழந்தை பிறந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் பிறப்புப் பதிவு. 60 நாளுக்குள் அதே அலுவலகத்தில் சிறப்பு நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம். இந்த உரிமை அம்மாவிடமிருந்து வருவது. பிரசவக் களைப்பில் அவர் மறந்தாலும் நீங்கள் நினைவு வைத்திருக்க வேண்டும்.

எதிர்காலத்தில் சென்னைக்கோ மதுரைக்கோ குடும்பத்தோடு போய் இருக்கும் எண்ணம் உண்டா? அப்படியானால் இதையும் கவனியுங்கள். மறுநுழைவு அனுமதி வாங்காமல் கிளம்பினால் அவர் இரண்டு வருடத்துக்குள் ஜப்பானுக்குத் திரும்பியாக வேண்டும். முன்கூட்டியே அனுமதி வாங்கினால் ஆறு வருடம்வரை கிடைக்கும். அது தவறினால் அந்தச் சிறப்பு உரிமை போய்விடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. மூன்று தலைமுறை காப்பாற்றி வைத்திருந்ததை ஒரு விமான டிக்கெட்டில் தொலைத்துவிட வேண்டாம்.

நான் எழுதியதெல்லாம் அவர் தென்கொரியக் குடிமகள் என்று எடுத்துக்கொண்டுதான். அவருடைய அட்டையில் நாடு என்ற இடத்தில் 'கான்கொக்கு' (தென்கொரியா) என்று இருக்கிறதா, 'சோசென்' என்று இருக்கிறதா என்று கேளுங்கள். சோசென் என்றால் வட கொரியா என்று அர்த்தமில்லை. 1947இல், குடியுரிமை போவதற்கு முன்பே, கொரியர்களை வெளிநாட்டவராகக் கருதிப் பதிவு செய்தபோது பழைய கொரியாவின் பெயராக எழுதியது அது. பிரிந்த இரண்டு நாட்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல் இன்றும் அதையே வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் தென்கொரியப் பாஸ்போர்ட் இருக்காது, மேலே சொன்ன இரண்டு வருடச் சலுகையும் பொருந்தாது, கல்யாணப் பதிவுக்கு வேறு காகிதங்கள் வேண்டும். எது என்று கீழே எழுதுங்கள், அதற்கேற்ப மீதியைச் சொல்கிறேன்.