கனிம வளம் இவ்வளவு இருந்தும் பீகாரும் ஜார்கண்டும் ஏன் பின்தங்கியிருக்கின்றன?

கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைக்கிறேன். சில வருடம் முன்புவரை நானும் "அங்கே யாரும் உழைப்பதில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன்.

கோவை ஆவாரம்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. 1979இல் அப்பா ஆரம்பித்தது. எங்களிடம் வேலை செய்யும், பொகாரோ (ஜார்கண்டில் இரும்பு ஆலை இருக்கும் ஊர்; 2000வரை அது பீகார்) பக்கத்துத் தம்பி ஒரு நாள் தகடு இறக்கும்போது கேட்டார்: "அண்ணா, இது எங்க ஊர்ல செஞ்சது. அங்க ஏன் இந்த மாதிரி பட்டறை இல்ல?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "அப்பல்லாம் இரும்பு எங்க வாங்கினாலும் ஒரே ரேட்டுப்பா" என்றார். அதுதான் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை. 1950களில் தொடங்கி 1990களின் ஆரம்பம்வரை இருந்தது. நாடு முழுக்க ஆகும் ரயில் கட்டணத்தைச் சராசரியாக்கி எல்லோர் விலையிலும் சேர்த்துவிட்டார்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே இருப்பவரும் அதே விலைதான் கொடுக்க வேண்டும், கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாங்களும் அதே விலைதான். சிமெண்டுக்கும் இப்படித்தான். அப்புறம் யார் போய் இரும்பு ஆலை இருக்கும் ஜாம்ஷெட்பூர் பக்கம் பட்டறை போடுவார்கள்? ஆனால் பருத்திக்கு இந்த ஏற்பாடு கிடையாது. பீகாரில் ஒருவர் மில் வைத்தால் குஜராத் பருத்தி கொண்டுவர ஆகும் முழு வாடகையும் அவர் தலையில்தான்.

"அப்போ நம்ம உழைப்பு ஒன்றுமில்லையா" என்று சண்டைக்கு வர வேண்டாம். என் அப்பாவின் கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1932இலேயே நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தது, இங்கே பள்ளிக்கூடங்கள் பெருகின, எல்லாம் உண்மை. அங்கே ஆட்சி சரியில்லாததும் உண்மை. ஆனால் அவர்களுக்கு இயற்கை கொடுத்த பெரிய சாதகத்தை அரசாங்கமே கொள்கை போட்டு எடுத்ததும் உண்மைதான். கொள்கை போனபிறகும் தொழில் திரும்பிப் போகவில்லை. பழகிய ஆளும் வாங்குகிறவர்களும் இங்கே வேர் பிடித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தம்பிக்கு வாடகை வீடு தேடி நானே பதினொரு வீடு ஏறி இறங்கினேன். "வடக்கத்திக்காரனுக்கா?" என்று கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

போன வருடம் ஊரில் பட்டறை போட எங்கள் பழைய லேத்தைக் கேட்டார். கொடுத்தேன். பொகாரோவரை லாரி வாடகை, லேத் விலையில் பாதிக்குமேல் ஆனது. முழுதும் அவர்தான் கட்டினார்.